கை காப்போம்



1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும் பெங்களூரில் தோன்றின. நம்மவர் பலர் இந்நகருக்குக் கொண்டுவந்த முதல், தம் இரு கைகளே. அக்கைத்திறன் இன்றும் ஞாயிறுதோறும் நம் காலனி இல்லங்களில் மிக்சியைப் பிரிக்கிறது, பலகைக்குத் துளையிடுகிறது. போற்றத்தக்கதே! ஆயினும், ஆலையில் இயந்திரத்துக்குக் காப்பு மூடி உண்டு, மேற்பார்ப்பவர் உண்டு. வீட்டில் இவ்விரண்டும் இல்லை. இடக்கையில் பற்றிய பொருளில் திருப்புளி வழுக்கினால், உள்ளங்கையிலேயே பாயும். ஆதலின் பொருளை வைஸில் இறுக்குவோம். பிளக்கைப் பிடுங்கிய பின்னரே மூடியைத் திறப்போம். மோதிரத்தைக் கழற்றி வைப்போம்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். வலியுணர்வு இழந்தமையாலேயே அவர்கள் காயமுற்று விரல்களை இழந்தனர் எனக் கண்டார். வலி பகையன்று, காவலன். அக்காவலன் கூவும்போது மஞ்சளை அப்பிவிட்டு வேலையைத் தொடர்தல் தகாது.

காயத்தைத் தூய துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, மருத்துவரை நாடுவோம். விரல் மரத்தாலோ, மடங்க மறுத்தாலோ, சிறு காயத்தின் கீழும் நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கக்கூடும். விரல் துண்டானால், அதனைத் தூய ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைத்து, உடனே விரைவோம். பனிக்கட்டி விரலை நேரே தொடலாகாது.

மிக்சியின் விலையை மீண்டும் ஈட்டலாம். ஈட்டும் கையோ பெறற்கரியது.