நம் வீட்டுத் தனி டம்ளர்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. கவிதை கொண்டுவரல. எங்க அத்தையைப் பத்திப் பேசப்போறேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். "பேசு தம்பி, என் பேரை மட்டும் விட்டுடு" என்றார். ஆகவே பேர், ஊர், வேலை பார்த்த இடம் எதுவும் என் வாயிலிருந்து வராது.

மாமா லாரி கிளீனர். 2002-ல் எய்ட்ஸ் நோயால் செத்துப்போனார். அப்போது மருந்து உலகத்தில் இருந்தது. எங்கள் தெருவில் இல்லை. மேல்நாட்டுக் கம்பெனிகள் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துச் சேர்க்கையை, 2001-ல் சிப்லா கம்பெனி ஏழை நாடுகளில் வைத்தியம் செய்யும் தொண்டு மருத்துவர்களுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்ற 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இருந்ததால் அது முடிந்தது. ஆனால் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ல்தான். தாம்பரம் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. இடையில் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில்தான் அத்தை விதவையானார்.

அத்தைக்கும் கிருமி இருந்தது. எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு. எங்கப்பா யாருன்னு சொல்லணும். ஊர் டீக்கடையில் நமக்கென்று வைத்திருந்த தனி டம்ளரை எதிர்த்து, அடிவாங்கி, வழக்கைச் சந்தித்தவர். அந்த அப்பாதான் தன் தங்கச்சிக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கினார். கொல்லைப்புறச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டியவன் நான். அத்தை ஒண்ணும் சொல்லல. கழுவிக் குடிச்சாங்க, கழுவி மாட்டினாங்க.

டம்ளரால் எச்.ஐ.வி. பரவாது. அப்பாவுக்கு அது தெரியாது, பயம். ஆனால் பயம் வந்ததும் நம் கைக்கு எது அகப்பட்டது பாருங்கள்! நம்மை எதனால் ஒதுக்கினார்களோ அதே ஆயுதம். சாதி நமக்கு வெளியே மட்டும் இல்லை தோழர்களே.

பிறகு மாத்திரை கிடைத்தது. அத்தை எழுந்தார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியானார். ஊசிகளைக் குத்தாத கெட்டியான வெள்ளை டப்பாவில் தனியே போட வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள். அங்கே எல்லாம் ஒரே கறுப்புப் பையில். அதைத் தூக்கும்போது இரண்டு முறை தொடையில் குத்தியது. எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அத்தைக்கு யாரும் போடவில்லை.

பின்னாளில் ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி-யும் தெரிந்தது. மாமாவிடமிருந்தா, ஊசியிலிருந்தா? "எந்த வாசல்ல வந்தா என்ன, உள்ள வந்து உக்காந்துக்கிச்சு" என்பார் அத்தை. ஆனால் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது 'எப்படி வந்தது?' என்றுதான். நம்மிடம் 'நீங்க எந்தத் தெரு?' என்று கேட்பார்களே, அதே குரல். பதிலை வைத்து எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்வதற்கான கேள்வி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தை இன்று சாப்பிடுவது தினம் ஒரு மாத்திரை. அதற்குள் மூன்று மருந்து: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கி வைக்கும். அடக்கித்தான் வைக்கும், அழிக்காது. நிறுத்தினால் இரண்டும் திரும்பும். ஈரல் திடீரென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

2022-ல் அத்தை இரண்டு மாதம் நிறுத்தினார். ஏன்? மாத்திரை இலவசம். மாத்திரை வாங்கப் போகும் நாள் இலவசம் இல்லை. விடியற்காலை பஸ், மையத்தில் வரிசை, திரும்ப சாயங்காலம். ஒரு நாள் கூலி போச்சு. மேஸ்திரி, "இன்னொரு நாள் லீவு போட்டா வேற ஆளைப் போட்டுக்கிறேன்" என்றான். என்ன நோய் என்று சொன்னால் வேலையே போகும். அத்தை மாத்திரையை விட்டு வேலையைப் பிடித்துக்கொண்டார். கண் மஞ்சளானது. எல்லாரும் சொன்னபடி கீழாநெல்லி அரைத்துக் குடித்ததில் பத்து நாள் போனது. மஞ்சள் காமாலை என்று ஒரே பேரில் சொல்கிறோம். ஏ-யும் இ-யும் கெட்ட தண்ணீரால் வரும். பெரும்பாலும் தானே தீரும். பி-யும் சி-யும் ரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தில் தாயிடமிருந்தும் வரும். சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். அத்தை பிழைத்தது பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால்.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். ஒரு தவணை தவறினால் கடன்காரனைத் தேடி ஆள் அனுப்பும் ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது. ஒரு மாத மாத்திரை தவறியவரை 'ஏம்மா வரல?' என்று கேட்க அந்த இரண்டு மாதமும் அத்தையின் வாசலுக்கு யாரும் வரவில்லை. நானும்தான். தொடர் பராமரிப்பு என்று அறிக்கையில் எழுதுகிற வார்த்தைக்கு என் அகராதியில் ஒரே பொருள்: வராதவரைத் தேடிப் போவது.

தீர்வு இல்லாத விஷயம் அல்ல இது. ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவின் மூலம் எச்.ஐ.வி. அடுத்தவருக்குப் பரவாது. 2013-ல் அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலருக்கு விற்ற சோஃபோஸ்புவிர் இங்கே ஜெனரிக்காக வந்தது. ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி வேலையை விட்டுத் துரத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருந்தும் சட்டமும் வந்துவிட்டன. நடுவில் நிற்பது மேஸ்திரியும், நாள் கூலியும், நம் வீட்டு ஆணியும்.

என்ன செய்யலாம்? ஒன்று, உங்கள் ஊரில் துப்புரவு வேலை பார்க்கும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டாச்சா? பட்டியல் எடுத்து அதிகாரி மேசையில் வையுங்கள். இரண்டு, ஊசி குத்தினால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். மூன்று, மருந்து வாங்கும் நாளுக்குக் கூலியோடு விடுப்பு என்பதைத் தொழிற்சங்கக் கோரிக்கையில் சேருங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆணி இன்னும் சுவரில் இருந்தது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, எதுவும் சொல்லாமல் குறடு எடுத்துக் கொடுத்தார். பிடுங்கினேன். அத்தை சிரிச்சாங்க. "இருபது வருஷம் கழிச்சா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வரும் மாசம் மாத்திரை வாங்கும் நாளைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். கூடப் போகிறேன்.

ஜெய்பீம்.