பன்னிரண்டு புள்ளி யாருக்கு?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இங்கிலாந்துக்கே போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாயாமே, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையா இருக்கே!" என்று காலையிலிருந்து பலபேர் கேட்டுவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுப்பது வெள்ளைக்காரர்களுக்கு அல்ல. பிழைப்புத் தேடியும் அடைக்கலம் தேடியும் அங்கே வந்த பெரியவர்களுக்கு. போலந்து, போர்ச்சுகல், சோமாலியா, உக்ரைன் என்று ஒரே அறையில் பல நாடு. பகலில் வேலை, மாலையில் வகுப்பு. இலக்கணப் பயிற்சித்தாளைக் கொடுத்தால் மளமளவென்று நிரப்பித் தருவார்கள். வாயைத் திறந்து பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பார்கள். நம்ம ஊர் வகுப்புக்கும் இது புதுசா என்ன?

அவர்களைப் பேசவைக்க எனக்குக் கைகொடுப்பது யூரோவிஷன் பாட்டுப் போட்டி. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. ஒரு பாட்டு 3 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு 12, 10, 8, பிறகு 7 முதல் 1 வரை என்று நாடுகள் புள்ளி போடும். தன் நாட்டுக்குத் தானே போட முடியாது.

வகுப்பில் ஐந்து பாட்டைப் போட்டுக் காட்டுவேன். இரண்டே விதி. ஒன்று, உங்கள் நாட்டுக்கு ஓட்டு கிடையாது. இரண்டு, பாட்டைப் பற்றிச் சொல்லும்போது 'நைஸ்', 'குட்' இரண்டுக்கும் தடை. உடனே அகராதி புரள ஆரம்பிக்கும். 'கேட்ச்சி', 'டல்', 'மூவிங்' என்று வார்த்தைகள் தேடிப் பிடிக்கப்படும். தேவைப்பட்டு வந்த வார்த்தை லேசில் மறக்காது. புள்ளி போடும்போது ஒருத்தரோடு ஒருத்தர் மோதுவார்கள். இது அதைவிட மேல், இதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று சொல்லியே ஆகவேண்டும். தமிழில் 'விட' சேர்த்தால் போதும், 'நல்ல' என்ற சொல் மாறாது. ஆங்கிலத்தில் 'குட்' போய் 'பெட்டர்', 'பெஸ்ட்' வரும். பட்டியலாக மனப்பாடம் செய்தபோது வராதது, வாக்குவாதத்தில் தானாக வருகிறது.

தம்பி தங்கைகள் இன்னொன்றைக் கவனிக்கணும். அயர்லாந்து 7 முறை ஜெயித்திருக்கிறது. 'அயர்லாந்து ஹேஸ் வன் செவன் டைம்ஸ்' என்பது சரி. ஆனால் வருஷத்தைச் சொன்னால் 'அயர்லாந்து வன் இன் 1996' என்றுதான் சொல்லணும். "96-ல ஜெயிச்சிருக்கு" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தில் அங்கேயும் 'ஹேஸ்' நுழைந்துவிடும். போட்டியின் வரலாற்றைப் பேசினாலே இந்தப் பயிற்சி நடந்துவிடுகிறது.

அந்த வரலாற்றில் மொழிச் சண்டையும் உண்டு. அவரவர் நாட்டு மொழியில்தான் பாடணும் என்று 1966-இல் விதி வந்தது. 1973-இல் அதைத் தளர்த்தினார்கள். மறு வருஷமே பிரைட்டன் நகரில் ஸ்வீடனின் ஆபா குழு 'வாட்டர்லூ'வை ஆங்கிலத்தில் பாடி ஜெயித்தது. இதை வைத்து போர்டில் எழுதுவேன்: 'இஃப் த ரூல் ஹாட் நாட் சேஞ்ஜ்ட், ஆபா வுட் ஹேவ் சங் இன் ஸ்வீடிஷ்.' விதி மாறாமல் இருந்திருந்தால் ஸ்வீடிஷில் பாடியிருப்பார்கள். நடக்காததைப் பற்றிப் பேசும் வாக்கியம். பாடப்புத்தகத்தில் எல்லோரும் பயப்படுகிற பகுதி.

2022 மே 14 அன்று இத்தாலியின் டூரின் நகரில் உக்ரைன் ஜெயித்தது. கலூஷ் ஆர்க்கெஸ்ட்ரா, அம்மாவைப் பற்றிய பாட்டை உக்ரைனிய மொழியில் பாடியது. திங்கள்கிழமை வகுப்பில், போருக்குத் தப்பி வந்த ஓர் அம்மா இருந்தார். கணவர் ஊரிலேயே தங்கிவிட்டார். அதுவரை 'எஸ்', 'நோ' தாண்டி அவர் பேசியதில்லை. போர்டில் இருந்த ஆபா வாக்கியத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, 'இஃப் மை ஹஸ்பண்ட் ஹாட் பீன் ஹியர், ஹி வுட் ஹேவ் டான்ஸ்ட்' என்றார்.

திருத்த ஒன்றுமில்லை. அறையே அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரு போலந்துப் பையன், "இஸ் ஹி எ குட் டான்சர்?" என்று கேட்டான். "டெரிபிள்!" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

இலக்கணம் பரீட்சைக்காக உண்டானதல்ல. மனசில் இருப்பதைச் சொல்வதற்கு ஒரு வழி வேண்டும், அதுதான் இலக்கணம்.

1977-இல் திரும்பி வந்த மொழி விதியை 1999-இல் எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஆங்கிலப் பாட்டுகள் பெருகின. ஆனாலும் 2017-இல் போர்ச்சுகலும், 2021-இல் இத்தாலியும், அடுத்த வருஷம் உக்ரைனும் சொந்த மொழியில் பாடித்தான் ஜெயித்தன. ஆங்கிலம் பழகினால் தாய்மொழி போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலம் வராவிட்டால் அறிவு குறைவு என்றும் நினைக்க வேண்டாம்.

தமிழ் வழியில் படித்து வந்த தம்பி தங்கைகளே, விடுதி அறையில் நாலு பேர் சேருங்கள். பழைய போட்டிப் பாட்டுகள் ஐந்தைக் கேளுங்கள். புள்ளி போடுங்கள், ஆங்கிலத்திலேயே சண்டை போடுங்கள். 'நைஸ்' என்று சொன்னவர் டீ வாங்கித் தரட்டும்.