இலையை விட்டுப் பிரிந்த கிண்ணம்

ஜொகூர் பாருவிலோ கூலாயிலோ குளுவாங்கிலோ கல்யாண விருந்துக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மண்டபத்துக்குள்ளே மாலை, மெல்லிசை, மேசை மேசையாகச் சாப்பாடு. பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ளே. மாமா எங்கே, சித்தப்பா எங்கே, மாப்பிள்ளையின் தோழர்கள் எங்கே என்று தேடினால் எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் இருப்பார்கள். காரின் பின்கதவு திறந்திருக்கும். அதற்குள் ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரு பொட்டலம் கடலை. நின்றபடியே அவசர அவசரமாக நாலு வாய். உள்ளே பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும்.

நல்ல சாப்பாடு, நல்ல நண்பர்கள், கூடவே ஒரு கிண்ணம் வைன் என்று யாராவது பேச்செடுத்தால், தமிழ்க் குடும்பங்களில் முகம் சுளிப்பதற்குக் காரணம் இந்தக் கார் நிறுத்துமிடம்தான். குடி பாவம் என்று ஒரு தரப்பு. என் காசு, என் இஷ்டம் என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சாப்பாடு உள்ளேயும் கிண்ணம் வெளியேயும் எப்போது பிரிந்தன?

சங்க காலத்தில் பிரிந்திருக்கவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவது. அவன் போரில் வென்ற ஊர்களை அதில் ஔவை முன்னால் வைக்கவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் தங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தாங்கள் குடித்துப் பாட மிச்சத்தைத்தான் அவன் மகிழ்ந்து உண்பான் என்பதையே முதலில் சொல்லி அழுகிறார். அடுத்து வருவது சோறு, அதற்கடுத்துக் கறி. ஒரு மன்னனும் ஒரு பெண்பாற் புலவரும் ஒரே விருந்தில்! இந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும்போது கள்ளை மெல்லத் தாண்டிப்போகிற ஆசிரியர்கள் உண்டு. பாவம், அவர்கள் சங்கடம் அவர்களுக்கு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தாளியோ, இரவும் பகலும் கறி தின்று ஏர்க்கொழுப் போலப் பல் மழுங்கிவிட்டதாகச் சொல்கிறான். கள்ளும் கறியும் அங்கே ஒரே பந்திதான்.

திராட்சை வைனும் தமிழனுக்கு நேற்று வந்ததில்லை. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பற்றிப் பாண்டியன் நன்மாறனுக்கு நக்கீரர் பாடியிருக்கிறார். அது 56ஆம் பாட்டு. வெறும் புலவர் கற்பனை என்று தள்ளவும் முடியாது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அங்கே கிடைத்த வைன் சாடிகளில் இத்தாலியிலிருந்து வந்தவையும் உண்டு, கோஸ் என்னும் கிரேக்கத் தீவிலிருந்து வந்தவையும் உண்டு.

அப்படியானால் வள்ளுவர்? அவர் கள் வேண்டாம் என்றுதான் சொன்னார். பத்துக் குறளில் எங்கும் சலுகை இல்லை. அவரைத் தன் கட்சிக்கு இழுப்பது நேர்மையாகாது. ஆனால் கள்ளுண்ணாமை அதிகாரம் பல பதிப்புகளில் எந்த இயலில் இருக்கிறது என்று பாருங்கள். நட்பியலில்! நட்பு, தீ நட்பு, கூடா நட்பு என்று தொடங்கும் வரிசையில் அது 93ஆம் அதிகாரமாக வருகிறது. குடி என்பது வயிற்றின் விவகாரம் மட்டுமல்ல, கூட இருப்பவர்களின் விவகாரமும்தான் என்று அந்த வரிசையை அமைத்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இனி ஜொகூர் தோட்டங்களுக்கு வருவோம். ரப்பர் மரம் வெட்ட வந்த தமிழனுக்கு லயத்தில் ஓர் அறை, மரத்தில் ஒரு நிறை, மாலையில் ஒரு கள்ளுக்கடை. உரிமம் அரசாங்கத்துடையது, கடை தோட்ட நிர்வாகத்துடையது. கடையில் வரும் லாபம் தொழிலாளர் நலனுக்கு என்று சொல்லப்பட்டது. சம்பளம் கொடுத்த கையே அதில் ஒரு பங்கைக் கடை வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. தென்னங்கள் தன்னளவில் சாதுவான பானம். இறக்கிய சில மணி நேரத்தில் தானே நுரைக்கும், ஏறத்தாழ பீர் அளவுக்குத்தான் போதை ஏறும், வைத்திருந்தால் காடியாகிவிடும். கள் அதே கள்தான். அதைக் குடித்த இடம்தான் மாறியது. விருந்தாளி இல்லை, பந்தி இல்லை. வெறும் வயிற்றில், அலுப்புத் தீர, கொட்டகையில் நின்று குடித்துவிட்டுப் போவது. வீட்டில் பெண்டாட்டி உலையில் போட அரிசி தேடிக்கொண்டிருப்பாள்.

இது தொழிலாளர்களுக்கே தெரிந்திருந்தது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள், போலீசோடு மோதல் வரைக்கும் போனது. கடையை மூடச் சொன்னவர்கள் துரைமார் அல்ல, குடித்தவர்களின் பிள்ளைகளே.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, சனம் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் குடிபெயர்ந்தது. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. மலிவுச் சரக்கு என்ன செய்யும் என்பதை 2018 செப்டம்பரில் நாடு பார்த்தது. சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நேற்றைய தோட்டத் தமிழனின் இடத்தில் இன்று நிற்பவர்கள்.

கொட்டகை போய்விட்டது, கொட்டகைப் பழக்கம் போகவில்லை. கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்துமிடம் அதன் பேரப்பிள்ளை. வைன் என்று பேர் மாற்றி அதே காரின் பின்னால் நின்று குடித்தால் அதுவும் சம்சுதான்.

மேசைக்கு வந்தால் கதை வேறு. ஒரு போத்தலில் 750 மில்லி, அது ஐந்து கிண்ணம். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்றோடு முடிந்தது. வயிற்றில் சோறு இருந்தால் போதை இரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். அந்த ஒரு கிண்ணத்தைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு நல்ல அரட்டைக்குப் போதுமான நேரம். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறு என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தது அவன் ஊர் அறைக்கு. அது 16, 18 பாகை. ஜொகூரில் 30 பாகையில் அதை ஊற்றினால் மருந்து மாதிரி இருக்கும். அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். காரமான கறிக்குத் துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒத்துவராது. மது மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், குறைக்காது. லேசாக இனிக்கும் வெள்ளை வைன், ரீஸ்லிங் மாதிரி, பொரித்த மீனுக்கும் இறாலுக்கும் பொருந்தும். ரசத்துக்கு எதுவும் வேண்டாம், ரசமே போதும்.

வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது. ஒரே மேசையில் முஸ்லிம் நண்பர் இருப்பார், விரதக்காரர் இருப்பார், குடியை விட்டு ஆறு மாதமான தம்பி இருப்பார். அந்தத் தம்பி இருக்கும் மேசைக்குப் போத்தல் வராமலே இருப்பது நல்லது. அளவோடு குடித்தால் உடம்புக்கு நல்லது என்ற பழைய பேச்சையும் விட்டுவிடலாம். எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. விருந்தில் ஒரு கிண்ணம் எடுப்பவர் மருந்து என்று சொல்லிக்கொள்ளாமல் எடுக்கட்டும்.

கார் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குச் சிராப் பண்டோங்தான். 2020இல் சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆகக் குறைந்தது. குடித்து ஓட்டி உயிர் போனால் முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டுச் சிறையும் 50,000 முதல் ஒரு லட்சம் ரிங்கிட் அபராதமும். கார் நிறுத்துமிடத்தில் நாலு வாய் ஊற்றிக்கொண்டவர் அடுத்து ஏறி உட்காரப்போவது அதே காரில்தான்.

சில வீடுகளில் தீபாவளி விருந்துக்குப் போத்தல் மேசைக்கே வந்துவிட்டது. அத்தை ஒரு வாய் சுவைத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று கிண்ணத்தைத் தள்ளிவைக்கிறார். பெரியப்பா இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டும்போது பெரியம்மா மீன் தட்டை அந்தக் கையில் கொடுக்கிறார். அவரும் வாங்கிக்கொள்கிறார்.