முன் ஃபெண்டர் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நமது ஆம்புலன்ஸ் ஏன் சில நாட்கள் ஓடவில்லை என்று பலர் கேட்டீர்கள். குறுகலான தெருமுனையில் திரும்பும்போது சுவரில் உரசி, இடதுபக்க முன் ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்தின் மேலே வரும் தகடு, கிழிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. வண்டியும் மறுபடி ஓடுகிறது. நம் மஹல்லாவில் கார், வேன் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், அந்த வேலையில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்.

தட்டி நிமிர்த்திப் பட்டி பூசினால் செலவு குறையுமே என்றார்கள் சிலர். சிறிய நசுங்கலுக்கு அது போதும். ஆனால் கிழிந்த ஓரம் டயர் பக்கம் மடங்கியிருந்தது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயரில் உரசும். நோயாளியோடு போகும்போது டயர் கிழிந்தால் என்ன ஆவது? கிழிசலின் மேல் பூசிய பட்டியும் அதிர்வில் வெடிக்கும். உள்ளே நீர் இறங்கித் துரு ஏறும். ஆகவே புதிய தகடு போட முடிவு செய்தோம்.

இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால், எதையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். க்ளைம் செய்தால், பிரீமியத்தின் சொந்தச் சேதப் பகுதியில் கிடைக்கும் 20 முதல் 50 சதவீதம் வரையிலான போனஸ் கழிவு போய்விடலாம். இரண்டையும் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

பெரும்பாலான கார், ஜீப்புகளில் முன் ஃபெண்டர் வெல்டிங் செய்யப்பட்டதல்ல, போல்ட்டில் நிற்பது. பம்பர், ஹெட்லைட், சக்கரம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு ஆகியவற்றைக் கழற்றினால் போல்ட்டுகள் தெரியும். கதவைத் திறந்தால்தான் தெரியும் போல்ட்டும் உண்டு. தகடு வர மறுத்தால் எங்கோ ஒரு போல்ட் மிச்சம் என்று பொருள், நெம்பக் கூடாது. இண்டிகேட்டர் வயரை முதலில் பிரித்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

பழைய தகடு வந்ததும் அதன் பின்னால் இருக்கும் பாகங்களைப் பாருங்கள். அவை வளைந்திருந்தால், புதிய தகடு அந்தக் கோணலை மூடி மறைக்குமே தவிர, சரி செய்யாது. முதலில் அதை நிமிர்த்த வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் முன்பே புதிய தகட்டை ஒருமுறை பொருத்திப் பாருங்கள். எல்லாப் போல்ட்டையும் கையால் லேசாக ஏற்றி, பானட்டுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியை மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். தகட்டின் ஓரத்தில் இடித்தால் பெயின்ட் பெயரும். அவசரத்தில் கதவும் சிக்கும். இடைவெளி சரியான பிறகே இறுக்க வேண்டும். தகட்டின் உள்பக்கமும் பிரைமர் பூச வேண்டும். சேறு அடிப்பது அங்கேதான். சில நாள் ஓடியதும் சக்கர நட்டுகளையும் போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள்.

பின்னாளில் வண்டியை விற்றால், அடிபட்டு மாற்றிய தகடு இது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் விலை சற்றுக் குறையலாம். சொல்லாமல் வாங்கும் பணம் நமக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தெருமுனையில் நின்ற இருசக்கர வாகனங்களுக்கு ஒதுங்கப் போய்த்தான் நம் வண்டி சுவரில் உரசியது. ஆம்புலன்ஸ் உங்கள் அனைவரின் அமானிதம். அது திரும்ப இடம் விட்டு வண்டிகளை நிறுத்துங்கள். நாளை அது யார் வீட்டு வாசலுக்கு வர வேண்டியிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.