கை பட்ட இடத்தில் தேடுங்கள்



வீட்டு வாசலிலேயே பானட்டைத் திறந்து, ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு வந்து நின்று வேடிக்கை பார்க்கிறார். இன்றைய பேச்சு இந்த நிலையில் இருப்பவர்களுக்காக.

இந்த நேரத்தில் பலரும் செய்வது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடுவது. புது பிளக், புது காயில், போதாததற்குப் புது பெட்ரோல் பம்பு. பர்ஸை மூடி வையுங்கள் என்பேன். கழற்றுவதற்கு முன்னால் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் தொடாத ஒரு சாமான், சரியாக நீங்கள் வேலை பார்த்த வாரத்தில் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். எதையெதைக் கழற்றினோம், எந்த ஒயரை நகர்த்தினோம், எந்த ஹோஸைப் பிடுங்கினோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோளாறு பெரும்பாலும் அந்தத் தாளுக்குள்தான் இருக்கும்.

எழுதிய பிறகு, வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் காதால் கேளுங்கள். ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு நின்றுபோனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். வேலை நடந்த நாட்களில் கதவு திறந்தே கிடந்து, உள்விளக்கு எரிந்தே சார்ஜ் இறங்கியிருக்கும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் திணறுகிறதா? என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைத் தேடுங்கள். மறந்துபோவதற்கென்றே இருப்பது போன்ற ஒயர் அது. அது இல்லாமலும் ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும். அதனால் நமக்குச் சந்தேகமே வராது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்டோ மிகப் பெரியது. திரும்பிப் போக வழியில்லாமல் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் சூடாகிப் புகைகிறது என்றால் எர்த் மாட்டவில்லை என்றே அர்த்தம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், அந்தச் சுற்றும் சத்தத்தைக் கவனியுங்கள். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது என்ஜினுக்கு ஒரு திணறல் உண்டு, ‘ருர்... ருர்... ருர்...’ என்று விட்டுவிட்டு வரும். அது இல்லாமல் தையல் மிஷின் மாதிரி லேசாக, வேகமாக ஓடினால் கம்ப்ரஷன் இல்லை. டைமிங் பெல்ட் தவறான பல்லில் உட்கார்ந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். சில என்ஜின்களில் டைமிங் தவறினால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். பெல்ட் போட்டவுடன் சாவிக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான். ஸ்பேனரைப் போட்டு என்ஜினைக் கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இடையில் எங்காவது தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள்.

இனி கரண்ட். பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 தொடக்கம் வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். கார்புரேட்டர் மாடலில் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால் வீட்டில் கழற்றிப் பழக ஏற்றது. அதன் ஃபயரிங் ஆர்டர் 1-3-2. பிளக் ஒயர்களில் இரண்டை மட்டும் மாற்றி மாட்டினாலே போதும், ஒரு சிலிண்டர்தான் சரியான நேரத்தில் வெடிக்கும். என்ஜின் இருமும், உதறும், கிளம்பாது. அம்பாசடரில் நாலு சிலிண்டர், ஆர்டர் 1-3-4-2. கழற்றும் முன் ஒயர்களில் துண்டு டேப் ஒட்டி நம்பர் எழுதாதவர்கள் இப்போது வண்டியின் மேனுவலைத் தேட வேண்டியதுதான்.

அதைவிடக் குழப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். நம் மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்கள். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் ஒரு முறை வேலை முடிக்க இரண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை காற்றையும் பெட்ரோலையும் அமுக்கிக்கொண்டு, இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளிக்கொண்டு. பொறி விழ வேண்டியது முதல் தடவையின் முடிவில். புல்லியில் உள்ள குறியோ இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்! அதை மட்டும் நம்பி டெல்கோவை இறக்கியவர்கள், புகை தள்ளும் நேரத்துக்குப் பொறியைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது கார்புரேட்டர் வழியாக ‘படார்’ என்று திருப்பி அடிக்கும்.

கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, ஸ்பேனரால் என்ஜினை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். விரலைக் காற்று தள்ளுகிறதே, அதுதான் அமுக்கும் ஸ்ட்ரோக். அப்படியே சுற்றிக்கொண்டு போய்க் குறி நேருக்கு வந்ததும் நிறுத்தினால், டெல்கோவின் ரோட்டர் முதல் சிலிண்டர் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டும்.

பொறியைச் சோதிக்க பிளக்கை ஒயரோடு என்ஜின் உலோகத்தில் சாய்த்து வைத்து செல்ஃப் அடிப்பது வழக்கம். பெட்ரோல் கசிவு, வாடை எதுவும் இல்லாதபோது மட்டும் அதைச் செய்யுங்கள். ஒயரைக் கையில் பிடிக்காதீர்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். திருப்பி அடித்தால் தீ உங்கள் முகத்துக்குத்தான் வரும். கழற்றிச் சுத்தம் செய்த கார்புரேட்டரில் பெட்ரோல் தொட்டி காலியாக இருக்கும். பத்து விநாடிக்கு மேல் செல்ஃபை அழுத்தாமல், நடுவில் ஓய்வு கொடுத்துக் கொடுத்து அடித்தால் பம்பு தானாக நிரப்பிவிடும். டீசல் வண்டியில் ஃபில்டர் மாற்றினால் லைனில் காற்று புகும். அதை எடுக்காமல் எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் தீரும்.

புதிய, கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் இரண்டு அடையாளம் போதும். சாவியை ஆன் செய்ததும் செக் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகவில்லை, ஃபியூஸைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பல வண்டிகளில் ஆர்பிஎம் முள் சற்றே அசையும். அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சார் பிளக் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். என்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாதபோது அது பெட்ரோலும் விடாது, பொறியும் கொடுக்காது.

ஹெட்டைக் கழற்றியவர்களுக்கு இன்னொன்று. கூலன்ட் தண்ணீர் சிலிண்டருக்குள் விழுந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பிறகு பூட்டுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குச் சாவி போடாதீர்கள் என்று 2015-இலும் 2023-இலும் சென்னையில் மெக்கானிக்குகள் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

என்ஜின் பிடித்துவிட்டால் மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. பிடிக்கவே இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் கூச்சப்படாமல் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். “ஒன்றும் தொடவில்லை அண்ணே, தானாக நின்றுவிட்டது” என்று சொன்னால், நீங்கள் தொடாத இடங்களில் அவர் ஒரு மணி நேரம் தேடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி கொடுக்கப்போவது நீங்கள்தான்.