கழுகு தூக்கிய குழந்தை



கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மவுண்ட் ரோயல் பூங்கா. புல்தரையில் ஒரு சின்னக் குழந்தை. வானில் வட்டமிட்ட பொன்கழுகு சட்டென்று தாழ்ந்து வந்து குழந்தையைத் தூக்குகிறது. கொஞ்சம் உயரம் போனதும் நழுவவிடுகிறது. படம் பிடித்தவர் பதறிப்போய் ஓடுகிறார். 2012 டிசம்பர் 18ஆம் தேதி யூடியூபில் ஏறிய இந்தக் காணொளியைச் சில நாட்களிலேயே உலகம் ஒரு கோடி முறைக்கு மேல் பார்த்துவிட்டது.

கழுகும் பொய், தூக்கப்பட்ட குழந்தையும் பொய்.

இரண்டையும் கணினியில் உருவாக்கியவர்கள் அதே நகரின் சென்டர் நாட் கல்வி நிலையத்தில் அனிமேஷன் படித்த நான்கு மாணவர்கள். நம்பும்படி ஒரு புரளியைத் தயாரிக்க வேண்டும் என்பதுதான் வகுப்பில் கொடுத்த வேலை. மறுநாளே கல்வி நிலையம் உண்மையைச் சொல்லி ஊரைச் சமாதானப்படுத்தியது. அதற்குள் பலர் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நிழல் பொருந்தாத இடங்களைப் பிடித்துவிட்டார்கள். கழுகு கைவிட்ட பிறகும் குழந்தை ஒரு கணம் மேலே போவதையும் கவனித்தார்கள். பொன்கழுகின் எடையே சுமார் 3 முதல் 6 கிலோதான். அது குழந்தையைத் தூக்குமா என்று கேட்டவர்களும் உண்டு.

காணொளியில் வந்த மவுண்ட் ரோயல் மலைக்கு மேற்கே நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதி. அங்கே ஷெர்ப்ரூக் தெருவில் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் லொயோலா வளாகம் இருக்கிறது. இதழியலும் தொடர்பியலும் இங்கேதான் கற்பிக்கப்படுகின்றன. இங்கு படிப்பவர்களுக்கு 2023இல் வேறொரு பாடம் வந்து சேர்ந்தது. செய்தி நிறுவனங்களுக்கு இணைய நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்று கனடா சட்டம் இயற்றியது. மெட்டா நிறுவனம் ஒப்பவில்லை; ஆகஸ்ட் 1 முதல் கனடாவில் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டிலும் செய்திகளை மறைக்கத் தொடங்கியது. அங்கே ஒரு நாளிதழின் பக்கத்தைத் திறந்தால், இது கனடாவில் தெரியாது என்ற அறிவிப்பு. அதே திரையில் யாரோ எழுதிய வதந்திக்கு அந்தத் தடை கிடையாது.

இந்த நிலையில், ‘எதையும் நம்பாதே’ என்று வகுப்பில் சொல்லி அனுப்பினால் போதாது. துணி தைத்தவருக்குத்தான் தையல் எங்கே பிரியும் என்று தெரியும்; புரளியும் அப்படித்தான். ஒரு பதிவை முதலில் போட்டது யார், அதே படம் முன்பு எங்கே வந்தது என்று மாணவர்களே தேடிப் பழக வேண்டும்.

கழுகுக் காணொளி யூடியூபில் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பொருந்தாத நிழலை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று பார்ப்போம்.