தரை அமுங்கினால் கூரையைப் பார்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அமெரிக்காவுல முப்பது வருஷமா இருக்கே. வந்து ஏதாவது உபயோகமா பேசு. வெற்றிக்கதை மட்டும் வேண்டாம், அதுக்கு நாலு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்தாச்சு" என்றார். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. ஒரு தோல்விக் கதையைக் கொண்டுவந்திருக்கிறேன். அது பன்னிரண்டு அடி நீளத் தரை ஒன்றைப் பற்றியது.

நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில். அங்கே கோடை வந்துவிட்டால் பாதி ஊர் வீட்டையே காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ஆர்.வி. என்று சொல்வார்கள். அதில் பல ரகம். கார் இழுத்துச் செல்கிற ரகத்துக்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் இருக்கும். இவற்றில் பெரும்பகுதி பக்கத்து மாநிலமான இண்டியானாவில், எல்க்ஹார்ட் என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் தயாராகிறது. 2014-ல் பழைய டிரெய்லர் ஒன்றை 6,500 டாலருக்கு வாங்கினேன். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மனைவி மட்டும் உள்ளே நடந்து பார்த்துவிட்டு, "இந்த மூலை கொஞ்சம் அமுங்குற மாதிரி இருக்கே" என்றாள். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சிவில் என்ஜினீயர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

அடுத்த வருடம் அந்த மூலை பஞ்சு மெத்தை மாதிரி ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் அரை அங்குலப் பிளைவுட் வாங்கி வந்தேன். பழைய தரைமேல் அதைப் போட்டு, வரிசையாகத் திருகாணி முடுக்கி, மேலே வினைல் விரிப்பு ஒட்டினேன். எண்பது டாலர், நாலு மணி நேரம். அதன் மேல் குதித்தும் காட்டினேன். கல் மாதிரி நின்றது.

இது ஏன் முட்டாள்தனம் என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டும். டிரெய்லருக்கு அடியில் இரும்புச் சேஸிஸ். அதன்மேல் மரச்சட்டங்கள். சட்டங்களின் மேல் பிளைவுட். சட்டங்களுக்கு இடையில் குளிர் தாங்கக் கண்ணாடிப் பஞ்சு. எல்லாவற்றுக்கும் கீழே, சாலைத் தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு தார்த்துணி. என் வண்டி இந்த அமைப்பு. வேறு ரகங்களும் உண்டு. இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே தெர்மோகோல் போன்ற நுரைப்பலகையை ஒட்டிச் செய்த தரையும் இருக்கிறது. அதில் மரம் இற்றுப்போகாமலே பசை விட்டுப்போய்த் தரை அமுங்கும். அதற்கு வைத்தியம் வேறு.

என் திருகாணிகள் பிடித்துக்கொண்டிருந்தது உளுத்துப்போன பழைய பலகையை. அதில் பிடிமானம் கிடையாது. புதுப் பலகை பாரத்தைக் கொஞ்ச காலம் பரவலாக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தப்பு, கீழே இருந்த ஈரம் மேல்பக்கமாகக் காய்வதற்கு இருந்த ஒரே வழியையும் வினைல் போட்டு அடைத்துவிட்டேன். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சை வேலை செய்யாது. 30-ஐத் தொட்டுவிட்டால் அதற்குத் திருவிழா. நான் பந்தல் போட்டுக் கொடுத்திருந்தேன்.

2017 மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்தார். அப்போது அவருக்கு 75 வயது. ஹாக்கிங் ஹில்ஸ் என்ற மலைக்காட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கிளம்புவதற்கு முந்தின நாள் சாமான் ஏற்றும்போது, நான் போட்ட பலகை முடிகிற இடத்துக்கு அரை அடி தள்ளித் தரை நெளிவதைக் கவனித்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: கவனித்தேன். ஆனால் எல்லோரும் கிளம்பித் தயாராக நிற்கிறார்கள். கடையில் ஒரு பாய் வாங்கி வந்து அந்த இடத்தில் விரித்துவிட்டேன்.

இரவு தண்ணீர் குடிக்க எழுந்த அம்மாவின் வலது கால் அந்தப் பாயோடு தரைக்குள் போய்விட்டது. கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் கேட்டபோது "பழைய வண்டி, எதிர்பாராமல் நடந்துவிட்டது" என்றேன். உறவினர்களிடமும் அதையேதான் சொன்னேன். பாய் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். 7,000 டாலர் ஆகும் என்றார்கள். வண்டியின் விலையே அவ்வளவு இல்லை. நண்பர் ஒருவர், "நல்லதா ஒரு வினைல் ஒட்டி வித்துடுங்க, வாங்குறவன் பார்த்துப்பான்" என்று யோசனை சொன்னார். வாங்குகிறவன் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாரே என்று தோன்றியது. நானே பிரித்துச் செய்வது என்று முடிவு செய்தேன்.

தரையைப் பிரிக்க ரம்பத்தை எடுத்துக்கொண்டு நான் போகும்போது, வாசலில் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "ஏன்டா, நம்ம ஓட்டு வீட்டுல தரை ஈரமா இருந்தா, தரையையா கொத்துவோம்? எந்த ஓடு நழுவியிருக்குன்னுதானே மேல ஏறிப் பார்ப்போம்?"

நான் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து வருடம் ஸ்ட்ரக்சர்ஸ் படித்தவனுக்கு, அதிலும் ஒரு வருடம் அரியர் எழுதிப் படித்தவனுக்கு, இது தோன்றவில்லை.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வண்டியின் ஜன்னல்களையும் கூரைத் திறப்புகளையும் மூடி, ஒரு ஜன்னலில் மட்டும் பெரிய மின்விசிறியை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டி, வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். வண்டி பலூன் மாதிரி உள்ளழுத்தம் ஏறி நிற்கும். பிறகு வெளியே மூட்டுகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால், சந்து இருக்கிற இடத்தில் குமிழி வரும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். நான் ஏணியில் நின்று தெளிக்க, அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "அதோ, அந்த முக்குல நுரைக்குது பாரு" என்று காட்டினார். கூரையும் முன்சுவரும் சேருகிற மூலைப்பட்டை அது. பட்டைக்கு அடியில் வைத்த பட்டி காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு திருகாணித் துளைகள் வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, சுவருக்குள்ளேயே வழிந்து, தரையின் ஓரத்தைப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மேலிருந்து ஏழு அடி பயணம். உள்ளே ஒரு சொட்டுக்கூடக் கண்ணில் பட்டதில்லை.

முதலில் அதை அடைத்தேன். பட்டையைக் கழற்றி, பழைய பட்டியைச் சுரண்டி, புதிதாகப் பியூட்டைல் டேப் வைத்து முடுக்கினேன். கூரைமேல் தானாகப் பரவிச் சமமாகும் சீலண்ட், செங்குத்தான இடத்தில் வழியாத சீலண்ட். இரண்டும் வேறு வேறு. கண்ட இடத்தில் சிலிக்கான் பூசிவிடாதீர்கள்; பின்னால் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. அதற்கப்புறம் மூன்று மழை பெய்யும்வரை காத்திருந்தேன். ஈரமானியின் எண் ஏறவில்லை என்று தெரிந்த பிறகுதான் தரைக்கு வந்தேன்.

கேஸ் சிலிண்டரை மூடி, பேட்டரியைக் கழற்றி, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். நம் பட்டறை ஆசிரியர் கட்டையைத் தட்டிக் காதால் கேட்கச் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? நல்ல மரம் கணீர் என்னும், உளுத்த மரம் தொப் என்னும். தட்டியும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தியும் பார்த்து சாக்பீஸால் கோடு போட்டேன். கெட்டுப்போன இடம் நான் நினைத்ததைப் போல மூன்று மடங்கு இருந்தது. கோட்டைத் தாண்டி, நல்ல மரம் வந்து, அடுத்த சட்டத்தின் நடுமையம் வரை வெட்ட வேண்டும். இல்லையென்றால் புதுப் பலகையின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கீழே தண்ணீர்க்குழாயும் கேஸ் குழாயும் ஓடுகின்றன.

பலகையைத் தூக்கினால், கண்ணாடிப் பஞ்சு தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. கீழே தார்த்துணி தூளி மாதிரி தொங்கி அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. வெளித் தண்ணீர் வராமல் தடுக்கத் தைத்த துணி, உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடவில்லை. துணியைக் கிழித்து வடித்து, பத்து நாள் விசிறி வைத்துக் காயவிட்டு, ஈரம் 15 சதவீதத்துக்கு வந்த பிறகே மேலே வேலை. முனை இற்றுப்போன இரண்டு சட்டங்களுக்குப் பக்கத்தில் புதுச் சட்டங்களை ஒட்டி போல்ட் போட்டேன். சேஸிஸின் துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன்.

கஷ்டமான இடம் சுவரின் அடி. சுவர் நிற்பதே தரையின் ஓரத்தின் மேல். அந்த ஓரம் மாவாகக் கிடக்கிறது. மொத்தமாக வெட்டினால் சுவர் இறங்கிவிடும். அங்கேதான் நமது மூன்றாம் வருடப் பாடம் கைகொடுத்தது. பழைய கட்டடத்தின் அஸ்திவாரத்தை அண்டர்பின்னிங் செய்யும்போது ஒரே நேரத்தில் முழு நீளத்தையும் தோண்ட மாட்டோம் இல்லையா? விட்டு விட்டுச் சிறு சிறு துண்டுகளாகத்தான் தோண்டுவோம். அதேபோல் ஒன்றரை அடி வெட்டு, ஜாக்கியால் சுவரைத் தாங்கு, புதுத் துண்டைச் செருகு, பிறகு ஒன்று விட்டு அடுத்தது. எட்டு நாள் ஆயிற்று. கடைசியில் பழைய கனத்திலேயே வெளிப்புறத் தரப் பிளைவுட். விளிம்புகளுக்கு எபாக்ஸி பூசி, பசையும் வைத்து, ஓரங்களில் ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகாணி. மொத்தச் செலவு சுமார் 600 டாலரும் ஒரு கோடைக்காலமும்.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்த அன்று மாலை அந்தப் பாயைப் பற்றிச் சொன்னேன். தரை நெளிவதைப் பார்த்துவிட்டுத்தான் விரித்தேன் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும்டா. பாய் மட்டும் புத்தம் புதுசா இருந்துச்சே" என்றார். இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயா சொல்றியான்னு பார்த்தேன்" என்றார்.

அம்மா 2021-ல் காலமாகிவிட்டார். அதற்கு முன், ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், புதுத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை நடந்து பார்த்தார். எனக்குக் கிடைத்த கம்ப்ளீஷன் சர்டிபிகேட் அதுதான்.

மாணவர்களே, நீங்கள் பாலம் கட்டுவீர்களோ, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவீர்களோ, எனக்குத் தெரியாது. எந்த வேலையிலும் ஒரு மூலை அமுங்கும். அதன்மேல் பலகை போடுவது சுலபம். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமுங்குவது உங்கள் கண்ணில் பட்டுவிட்டால், அதில் கால் வைக்கப்போகிறவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன்.

அந்த வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கூரைமேல் ஏறி மூட்டுகளைப் பார்க்கிறேன். தரை இதுவரை அசையவில்லை.